கல்லுத் தண்ணி

கறுப்பு வேண்டாமெண்டு அவர் சொன்னவர்.
கோண்டாவில் செம்பாட்டுப் புழுதிக்கு
வெள்ளையும் சரிவராதெண்டு நான் சொன்னனான்.
லீசிங் பத்திரத்திலை கையெழுத்து என்ரை.
ஆகவே கறுப்பு.

முதல் கிழமையே கிணறு குறுக்கை வந்தது.
வாளி வாளியாய் ஊத்திக் கழுவிப்போட்டு
உள்ளை போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வர
பொனற் முழுக்கச் சுண்ணாம்புப் பொட்டு,
பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தான்களை
ஆரோ கொட்டிவிட்ட மாதிரி.
"கல்லுக்குள்ளாலை வாற தண்ணி
கல்லைத்தானே விட்டிட்டுப் போகும்" எண்டார்.
குரலிலை ஒரு சின்னச் சந்தோசம்.
எனக்குக் கேட்டது.

அதுக்குப் பிறகுதான் வங்கியிலை
ஏசி வடியிற குழாய்க்குக் கீழை
அஞ்சு லீற்றர் கான் வைக்கத் தொடங்கினன்.
கல்லும் இல்லை, உப்பும் இல்லை,
கணக்கு வழக்குகளின்ரை வேர்வை மட்டும்.
காவலாளி குலசிங்கம் கேட்டார்: "பற்றறிக்கோ, மிஸ்?"
"முகம் கழுவ" எண்டன்.
முழுப் பொய்யெண்டும் இல்லை.

இண்டைக்கு ஞாயிறு, ஆறேகால்.
வெயில் இன்னும் மதிலுக்கு அங்காலை.
நாங்கள் கதைச்சு மூண்டு நாள்.
இரண்டு தவணைக் காசு தம்பியாரிட்டைப் போனது
வங்கியிலை இருக்கிற எனக்குத்தான் கடைசியாய்த் தெரியும்.

முதலிலை சில்லு. அதுக்கு வேறை துணி.
பேந்து கூரையிலிருந்து கீழை.
ஒரு வாளியிலை நுரை, மற்றதிலை வெறுந்தண்ணி,
ஒவ்வொரு இழுவைக்கும் துணியை அலசவேணும்.
நேராய் இழுக்கவேணும்.
வட்டமாய்த் தேய்ச்சால் மத்தியான வெயிலிலை
சிலந்தி வலை தெரியும்.
சட்டி கழுவுற சவுக்காரத்தைக் கண்ணிலும் காட்டப்படாது.
கதவுகளின்ரை அடிவிளிம்பு கடைசி:
அவர் வேலணைக்குப் போய்வாற காரல்லோ,
பண்ணைக் கடல் அதிலைதான்
ஒவ்வொரு பின்னேரமும் ஏறி வரும்.

வேம்பிலை இருந்து காகம் போட்டதைச் சுரண்டப்படாது.
ஈரத்துணி போட்டு ஊறவிட்டால் தானாய்க் கழரும்.
சில கோவங்களும் அப்பிடித்தான் எண்டு
சொல்ல ஆசையாய்த்தான் கிடக்கு.
ஆனால் இது மூண்டு நாள் கிடந்தால்
பெயின்ற்றைத் தின்னும்.

கானைத் தூக்கிக்கொண்டு நிமிர
சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு
மற்றப் பக்கத்திலை நிக்கிறார், கையிலை துவாய்.
நான் கூப்பிடேல்லை.
நான் ஊத்த ஊத்த அவர் ஒற்றி எடுத்தார்.
அழுத்தேல்லை. ஆர் பழக்கினதோ.

பின் கதவடியிலை கை நிண்டது.
போன மாதம் நான் வக்ஸ் பூசி மறைச்ச கோடு.
சரிச்சுப் பார்த்தார். நகத்தாலை வருடிப் பார்த்தார்.
நகம் மாட்டினால் மெருகு காணாது,
அது எங்கள் இரண்டுபேருக்கும் தெரியும்.
மாட்டினது.

"கேற் தூணோ?"
"ஓம்."
"எப்ப?"
"சித்திரையிலை. வருசத்துக்கு முதல்நாள்."
கொஞ்ச நேரம் துவாயைப் பிழிஞ்சார்,
பிழிய அதிலை ஒண்டும் இல்லை.
"நானும் சித்திரையிலைதான் குடுத்தனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தன்.
நுரை வாளியிலை காலை வைச்சிட்டன்.

வக்ஸ் மெல்லிசாய்ப் பூசவேணும்.
கனக்கப் பூசினால் காவல் கூடாது, துடைக்கிற பாடுதான் கூடும்.
மூடுபனி மாதிரி மங்கும்வரை விடவேணும்.
கூரையின்ரை நடுவுக்கு
என்ரை பக்கத்தாலை கை எட்டாது,
அவற்றை பக்கத்தாலையும் எட்டாது. கட்டை மனிசன்.
முக்காலியை அவர் பிடிக்க நான் ஏறினன்.
"காசை ஆனியிலை தருவானாம்" எண்டார் கீழையிருந்து.
"எந்த ஆனி?"
அவர் முக்காலியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சார்.

கானிலை ஒரு சிரங்கை மிச்சம் கிடந்தது.
பொனற்றிலை தெளிச்சுப் பார்த்தார்.
உருண்டு திரண்டு நிண்டு
சறுக்கி விழுந்துபோச்சுது தண்ணி.
"ஒரு பொத்தானும் இல்லை."

காகம் கொப்பு மாறி இருந்தது,
இப்ப சரியாய்க் காருக்கு நேரை.